ஏழு மணித் துண்டு

மேட்டு லயத்துக்கு எண்பத்து நாலு படி. வெள்ளைக்காரத் துரை காலத்தில் போட்ட கல்படி, பாசி பிடித்து, தூறல் விழுந்தாலே காலை வாரிவிடும். அந்தப் படிகளுக்குக் கீழே மகேன் தேயிலைத் தோட்டத்து லோரியை நிறுத்தினபோது பகல் மூன்று மணிகூட ஆகவில்லை. அதற்குள் மலை முழுக்கப் பனி இறங்கிவிட்டது. மேலே லயத்தின் ஆறு வரிசை வீடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

லோரியின் பின்தட்டிலிருந்து சாம்பசிவம் கங்காணி இறங்கினார். கையில் ஒரு துணிப்பை, மணிக்கட்டில் கிளினிக்கில் மாட்டிவிட்ட ரோஸ் வளையம். தொற்று உறுதி, பத்து நாள் தனியாக இருக்கணும் என்று காலையில்தான் தானா ராத்தா டவுனில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். 2021 செப்டம்பர் அது. வீட்டில் பெண்டாட்டி திலகாவுக்குச் சர்க்கரை, படுக்க இருப்பதோ ஒரே அறை. அதனால் மேட்டு லயம்.

அந்த லயத்தில் கடைசி வீட்டைத் தொற்று வந்தவர்களுக்கு ஒதுக்கலாம், மனுசர் அண்டாத இடம், வசதி என்று மேனேஜர் துரையிடம் யோசனை சொன்னவரே இவர்தான். சும்மா சொல்லக்கூடாது, யோசனைக்குப் பேர்போன மனுசன். முதல் ஆளாக அவரே வந்து சேர்ந்தார்.

“மாமா, நான் வேணா மேல வரைக்கும் வந்து சாமானை வச்சுட்டுப் போறேன்” என்றான் மகேன். இவருடைய அக்கா மகன். இவருக்குக் கீழே சின்னக் கங்காணி.

“வேணாம்லா. உனக்கும் ஒட்டிக்கிச்சுன்னா வேலைய யார் பாக்குறது? பத்து நாளைக்கு அரிசி, சார்டின், மெகி எல்லாம் மத்தியானமே ஏத்தி வச்சாச்சு. நம்ம பழைய ஏற்பாடுதான், ஞாபகம் இருக்குல்ல?”

“துண்டு.”

“ஆமா. காலையில ஏழு மணிக்கு வாசல் கம்பியில துண்டு தொங்கும். சாயந்தரம் ஆறு மணிக்கு உள்ள எடுத்துடுவேன். நீ ரெண்டு நேரமும் இங்க நின்னு பாரு. ஒழுங்கா இருந்தா சுகம். புக்குல டிக் போட்டுட்டுப் போய்க்கிட்டே இரு. மேல ஏறாத.”

“இல்லன்னா?”

“காலையில போடலன்னாலும் சரி, சாயந்தரம் எடுக்கலன்னாலும் சரி, ஏதோ ஆயிப்போச்சுன்னு அர்த்தம். அப்ப மட்டும் ஏறு. போனை நம்பாத, மேல சிக்னலே கெடையாது.”

“அத்தை தெனமும் ரசம் குடுத்து விடுறேன்னாங்க மாமா.”

“பிளாஸ்க்க காலையில இந்தக் கடைசிப் படியில வை. எறங்கி எடுத்துக்கிறேன். சாயந்தரம் காலி பிளாஸ்க் இங்கயே இருக்கும்.”

மகேன் தலையாட்டினான். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பையன் அவன். மாமா சொன்னால் மறுபேச்சுக் கிடையாது.

சாம்பசிவம் ஏறினார். நாற்பதாவது படியில் உட்கார்ந்தார், அறுபதில் மறுபடியும் உட்கார்ந்தார். மேலே வந்து சேர்ந்தபோது நெஞ்சு இரைந்தது. கீழே லோரி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை.

ஆறு வீட்டில் ஐந்து பூட்டிக் கிடந்தது. அதிலிருந்தவர்கள் கோலா தெர்லாவுக்கும் ஈப்போவுக்கும் போய் வருசமாகிறது. கடைசி வீட்டுக்குப் புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் சுண்ணாம்பு வாடையும் மருந்து தெளித்த வாடையும் குப்பென்று வந்தன. அதற்கு அடியில் இன்னொரு வாடை. நாள்கணக்காகக் காயாத ஈரத் துணி நாறுமே, அந்த வாடை.

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு துண்டு தொங்கியது. தோட்டத்தில் எல்லா ஆளுக்கும் வேர்வை துடைக்கக் கொடுப்பார்களே, சிவப்பு எழுத்தில் குட் மார்னிங் என்று அச்சடித்த வெள்ளைத் துண்டு. மூலையில் மஞ்சள் நூலால் ஒரு தையல் போட்டிருந்தது. தொட்டுப் பார்த்தார்.

சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

“எந்தக் கழுதை மறந்து வச்சிட்டுப் போச்சு” என்று சத்தமாகவே திட்டினார். ஒரு குச்சியால் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கத்துச் சாக்கடைக் கானில் போட்டார். கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினார். அது யாருடைய துண்டு என்று அவருக்கா தெரியாது?

ருக்குமணியின் துண்டு.

ருக்குமணி முப்பத்தொரு வருசம் கொழுந்து எடுத்தவள். பிள்ளை குட்டி இல்லை. புருசன் பழனியப்பன் கம்போங் ராஜாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டினவர். அந்த வருசம் ஜூன் மாதம் காய்ச்சல் என்று ஆம்புலன்சில் ஏறிப் போனார், அவ்வளவுதான். அவள் கடைசியாகப் பார்த்தது யாரோ போனில் பிடித்து அனுப்பின ஒரு வெள்ளை பிளாஸ்டிக் மூட்டையை. அழுது முடிப்பதற்குள் தோட்டத்துக்குள்ளும் தொற்று வந்து, லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். வேலை நின்றது. கோவில் மூடினது. யாரும் யார் வீட்டு வாசலையும் மிதிக்கக்கூடாது. பூட்டின ஐந்து வீட்டுக்குப் பக்கத்தில் அவள் ஒருத்தி.

தோட்டத்தில் பெரட்டு என்று ஒன்று உண்டு. விடியற்காலையில் ஆள்கள் எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்பார்கள். கங்காணி புக்கைப் பார்த்துப் பேர் படிப்பார். பேர் வந்ததும் அந்த ஆள் ‘இருக்கேன்’ என்று குரல் கொடுக்கணும். முப்பத்தொரு வருசமாக ஒவ்வொரு விடியலிலும் ருக்குமணி என்று யாரோ கூப்பிட, இருக்கேன் என்று சொல்லித்தான் அவளுக்குப் பொழுது விடிந்தது. முள்கம்பி போட்ட அன்றைக்கு அதுவும் நின்றுபோனது.

முதல் வாரம் சாம்பசிவம் தினமும் ஏறிப் போய்ப் பார்த்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஆள் சுகமா என்று பார்த்து, ஆபீஸ் கணக்கெழுதுகிற கிராணியிடம் புக்கைக் கொடுப்பது அப்போது அவர் வேலை. அவள் வாசலில் காத்திருப்பாள்.

“தள்ளி நின்னே ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க கங்காணி.”

“நேரமில்லம்மா.”

இரண்டாவது வாரம் அவள் தேத்தண்ணியும் கேட்கவில்லை. “ஏறிக்கூட வர வேணாம் கங்காணி. கீழ நின்னு என் பேரைப் படிங்க, போதும். இருக்கேன்னு சொல்லிட்டு உள்ள போயிடுறேன். முள்கம்பி போட்டதுலேருந்து என் பேரு என் காதுல விழல. நான் இருக்கேனா இல்லியான்னு எனக்கே வெளங்கல” என்றாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. தலை சீவி எத்தனை நாள் ஆனதோ.

“இதென்ன பைத்தியக்காரத்தனம்?” என்றார் சாம்பசிவம். “ரெண்டு நேரமும் கத்தி என் தொண்டத்தண்ணி வத்தணுமா?”

அன்றைக்குத்தான் அவருக்குத் துண்டு யோசனை வந்தது. காலையில் போடு, சாயந்தரம் எடு. துரைக்குப் பிடித்துப்போனது, எல்லா லயத்துக்கும் அதையே சட்டமாக்கினார். ஒரு நாள் அவள் ராத்திரி முழுக்கத் துண்டை வெளியிலேயே விட்டுவிட்டாள். கீழே நின்று கத்தினார்: “எடுக்காம விட்டா நீ இருக்கியா செத்தியான்னு நான் எப்படிப் பாக்குறது?”

மேலேயிருந்து மெல்லிசாகக் குரல் வந்தது. “பேரைச் சொல்லிக் கேளுங்களேன், கங்காணி.”

கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஜூலையில் ஒரு சாயந்தரம் துண்டை எடுக்கவில்லை. மறுநாள் காலையிலும் அதே இடத்தில் தொங்கியது. அன்று சாயந்தரமும் அங்கேயே இருந்தது. மழையில் நனைந்து, பனியில் ஊறி, ஓரத்தில் பச்சை பிடித்து ஆறு நாள் தொங்கியது. சாம்பசிவத்துக்குத் தெரியும். தெரியாமல் என்ன? ஆனால் மேலே ஏறிப் பார்த்து, தொற்று என்று ஆகிவிட்டால் இன்னும் பதினாலு நாள் முள்கம்பி. துரை முகம் சுளிப்பார். அதோடு எண்பத்து நாலு படி வேறு, மழை வேறு. காலைக்கு ஒன்று, சாயந்தரத்துக்கு ஒன்று, பன்னிரண்டு டிக் போட்டார்.

ஏழாம் நாள் கீழ் லயத்துப் பாஞ்சாலை, காற்றில் வாடை வருகிறது என்று சொல்லித்தான் ஏறினார்கள். ருக்குமணி வாசற்கதவுக்கு உள்ளே, நிலைப்படியில் தலையை வைத்துக் கிடந்தாள். சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள், இதயமும் பலவீனம், விழுந்த பிறகும் இரண்டு மூன்று நாள் உயிர் இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். ரொம்ப நாள் ஆன மாதிரி இருக்கே என்று போலீஸ்காரர் இழுத்தார்.

“நேத்து சாயந்தரம்கூட எடுத்தாங்க சார். இன்னிக்குக் காலையில போட்டாங்க. என் கண்ணால பாத்தேன்” என்றார் சாம்பசிவம்.

புக்கைக் காட்டினார். டிக் இருந்தது. அந்தச் சமயம் நாட்டில் தினமும் எத்தனையோ சாவு, ஒன்றைக் குடைந்துகொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. விட்டுவிட்டார்கள். அவரும் மறந்துவிட்டார். ராத்திரி நன்றாகத் தூங்கினார், வேளைக்குச் சாப்பிட்டார். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

முதல் இரண்டு நாள் ஒன்றும் இல்லை. திலகா மூலையில் நீல நூல் தைத்துக் கொடுத்த தன் துண்டைக் காலையில் போட்டார், சாயந்தரம் எடுத்தார். படி இறங்கி ரசத்தைக் கொண்டுவந்து குடித்தார், எச்சில் பிளாஸ்க்கை அப்படியே கொண்டுபோய் வைத்தார். காய்ச்சல் லேசாகத்தான் இருந்தது.

ஆனால் சத்தம் இல்லாதது அவரைத் தின்றது. வாழ்நாள் முழுக்க ஆள்களை அதட்டியே பழகின வாய். இங்கே அதட்ட ஆளில்லை. சுவரைப் பார்த்தார். சுவரில் சுண்ணாம்புக்குள்ளே ஈரம் படர்ந்து, மனுச உயரத்துக்கு ஒரு கறை மாதிரி வந்தது, போனது. மூன்றாம் நாள் காலையில் மகேனின் மோட்டார் சத்தம் கேட்டதும் சின்னப் பிள்ளையாட்டம் ஜன்னலுக்கு ஓடினார். “மகேன்” என்று கூப்பிட்டார். இருமல் வந்து பாதியில் அடைத்தது. அவன் துண்டைப் பார்த்தான், பனிக்குள் கையை ஆட்டினான், போய்விட்டான்.

அன்று மத்தியானம் பொழுது போகாமல் பெரட்டுப் பேர்களைப் படிக்க ஆரம்பித்தார். புக்கே வேண்டாம், எல்லாம் மனப்பாடம். கட்டிலில் உட்கார்ந்து, களத்தில் நிற்கிற மாதிரியே குரலை ஏற்றினார். கந்தன். சின்னக்கருப்பன். இராசம்மா. புனிதா. தன் குரல் அறையில் முட்டித் திரும்பி வந்தது ஒரு துணையாகத்தான் இருந்தது. ரூபினி என்றார்.

ரூபினிக்கு அடுத்து விக்னேஸ்வரி. இப்போது அப்படித்தான். முன்னே அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பேர் இருந்தது. நாக்கு அந்த இடத்தில் தானாக நின்றது. அவர் சொல்லவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம், அவ்வளவுதான்.

அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

“இருக்கேன்.”

சாம்பசிவம் அசையவில்லை. அடுப்படியில் துணி பிழிகிற சத்தம் கேட்டது. சிமெண்டுத் தரையில் தண்ணீர் சொட்டியது. நெடுநேரம் கழித்து, சாமி பேரைச் சொல்லிக்கொண்டே எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. தரையில் ஈரம் இருந்தது. பின்கதவு ஆணியில் மஞ்சள் நூல் தைத்த துண்டு தொங்கியது.

அதை அடுப்பில் போட்டுக் கொளுத்தினார். ஈரத் துணி எரிகிற புகை வீட்டை அடைத்தது, அவர் நெஞ்சையும் அடைத்தது. சாயந்தரம் தன் துண்டை உள்ளே எடுக்கக் கம்பி வரைக்கும் போய் வருவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. காய்ச்சல் கொதித்தது. ராத்திரி உட்கார்ந்தபடியே இருந்தார், படுத்தால் மூச்சு நின்றுவிடும்போல இருந்தது.

நாலாம் நாள் விடியும்போது ஒரு விஷயம் நன்றாகப் புரிந்தது. இன்றைக்கு யாராவது ஏறி வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகாவிட்டால் பிழைக்க முடியாது. படி இறங்கத் தெம்பு இல்லை, கத்தக் குரல் இல்லை. பரவாயில்லை, அதற்குத்தானே நம்ம ஏற்பாடு? துண்டு போடாவிட்டால் மகேன் ஏறி வருவான். நல்ல வேளை யோசித்து வைத்தோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

நீல நூல் துண்டை மடித்து நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கட்டிலில் காத்திருந்தார்.

ஏழு மணி. மோட்டார் வந்தது. நின்றது.

வாடா ராசா, வா என்று வாய்க்குள் சொன்னார்.

படியில் பிளாஸ்க் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் மோட்டார் கிளம்பி, வளைவு தாண்டிப் போயே போய்விட்டது.

கட்டிலிலிருந்து விழுந்து, தவழ்ந்து, ஜன்னல் கட்டையைப் பிடித்து எழுந்து பார்த்தார். வாசல் கம்பியில் துண்டு தொங்கியது. வெள்ளை. மூலையில் மஞ்சள். நேற்று அவர் கையால் சாம்பலாக்கின துண்டு. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

அழுகை வந்தது. கிழவர் விம்மி அழுதார். ஆனால் புத்தி இன்னும் வேலை செய்தது. சாயந்தரம் ஆறு மணி இருக்கிறதே. தொங்குகிற துண்டை எடுக்காமல் விட்டால்? அதோடு பிளாஸ்க் வேறு அப்படியே படியில் இருக்கும். இரண்டையும் பார்த்தால் எவனும் சும்மா போகமாட்டான். சாயந்தரம் வரைக்கும் உயிரைப் பிடித்துக்கொண்டால் போதும்.

மத்தியானம் போல ரச வாசனை வந்தது. மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட திலகாவின் ரசம். எங்கிருந்து வருகிறது என்று முதலில் விளங்கவில்லை.

அடுப்படியிலிருந்து.

யாரோ உறிஞ்சிக் குடிக்கிற சத்தம். ரொம்ப நாள் பட்டினி கிடந்தவர் குடிக்கிற மாதிரி, மூச்சு விடாமல். முடிந்ததும் குழாய்த் தண்ணீர் ஓடியது. பிளாஸ்க்கைக் கழுவி, மூடியைக் கவிழ்த்து வைக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அப்புறம் ஈரக் காலடி அவர் கட்டிலைத் தாண்டி வாசலுக்குப் போனது. தரையில் தடம் விழுந்தது. ஆள் இல்லை. ஒவ்வொரு படியாக இறங்குகிற சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வெளியே கம்பி ஆடிற்று. அவர் தலையைத் திருப்பினபோது கம்பியில் ஒன்றும் இல்லை. கட்டிலின் கால்மாட்டில், நாலாக மடித்து, ஈரத் துண்டு இருந்தது.

மோட்டார் வந்தது. நின்றது. போனது.

“எனக்கு மூச்சு முட்டுது” என்றார் சாம்பசிவம். யாரைப் பார்த்துச் சொன்னாரோ. “நான் என்ன பண்ணுவேன்? மேல சொன்னாங்க, செஞ்சேன். அவனைக் கூப்பிட விடு. உனக்குப் புண்ணியமாப் போவும்.”

சுவர்க் கறைக்குள்ளிருந்து மெல்லிசாக, பக்குவமாகப் பதில் வந்தது. யாரையும் வையாத குரல்.

“துண்டுதான் ஒழுங்கா இருக்கே கங்காணி. அப்ப சுகந்தான்.”

அப்போதும் அவர் அவள் பேரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, யாருக்குத் தெரியும். வாய் வரவில்லை.

ஐந்தாம் நாள் முழுக்க அவர் கட்டிலிலிருந்து வாசலுக்கு ஊர்ந்தார். பத்தடி தூரம். நடுவில் எத்தனை தடவை நினைவு தப்பியது என்று கணக்கில்லை. காலையில் துண்டு போனதையும் சாயந்தரம் வந்ததையும் தரையில் கிடந்தபடியே பார்த்தார். ஆறாம் நாள் விடியும்போது நிலைப்படியில் தலையை வைத்துக் கிடந்தார். அவள் கிடந்த அதே இடம். தலைக்கு மேலே துண்டு தொங்கி, நெற்றியில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஏழு மணிக்குப் பனி திடீரென்று விலகியது. கீழே மகேன் தெரிந்தான். சிவப்புத் தொப்பி, கக்கத்தில் புக்கு. அவ்வளவு தெளிவாகத் தெரிந்தான். அங்கிருந்து பார்த்தால் அவன் கண்ணுக்கு இவர் தெரியமாட்டார். வாசல் திட்டு மறைக்கும். துண்டு மட்டும்தான் தெரியும்.

பேரைச் சொல்லிக் கூப்பிடுடா. நெஞ்சு அதை மட்டும்தான் கேட்டது. மாமா என்று ஒரு குரல் கொடு, சாம்பசிவம் என்றுகூடச் சொல்லு, தப்பில்லை. ஒரே ஒரு வார்த்தைக்கு மூச்சு மிச்சம் இருக்கு. இருக்கேன் என்று சொல்லிவிடுவேன். அது போதும், நீ ஏறி வந்துவிடுவாய்.

மகேன் மேலே பார்த்தான். புக்கில் டிக் போட்டான். தொப்பியைச் சரிசெய்துகொண்டு மோட்டாரை உதைத்தான்.

வளைவில் சத்தம் தேய்ந்தது.

அப்போது காதுக்குப் பின்னால், களத்தில் பேர் படிக்கிற அதே ராகத்தில், நீட்டி, ஒரு குரல் கூப்பிட்டது.

“சாம்பசிவம்.”

முப்பது வருசம் ஊர்ப் பேரையெல்லாம் படித்தவர் அவர். அவர் பேரைப் பெரட்டில் யாரும் படித்ததே இல்லை. அது எவ்வளவு இதமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மிச்சமிருந்த மூச்சு முழுவதையும் சேர்த்தார்.

“இருக்கேன்” என்றார்.

அதோடு அவர் இல்லை.

பத்தாம் நாள் காலையில் வளையத்தை வெட்ட கிளினிக்கிலிருந்து ஆள் வந்தார்கள். மகேன் முன்னால் ஏறினான். பாதி வழியிலேயே வாடை வந்தது. அப்புறம் போலீஸ் வந்தது, டாக்டர் வந்தார். செத்து நாலு நாளாவது இருக்கும் என்றார் டாக்டர்.

“இருக்காது சார்” என்றான் மகேன். உறுதியாகச் சொன்னான். “நேத்து சாயந்தரம்கூட எடுத்தாங்க சார். இன்னிக்குக் காலையில போட்டாங்க. என் கண்ணால பாத்தேன்.”

புக்கைக் காட்டினான். டிக் இருந்தது. அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

திலகா சாவு வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் வந்து துக்கம் கேட்டாலும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். “நாலாம் நாள்லேருந்து கழுவித்தான் வந்துச்சு. மூடியக்கூடக் கவுத்து வச்சிருந்தாரு. கட்டிக்கிட்ட நாள்லேருந்து ஒரு தம்ளர் கழுவினதில்ல அந்த மனுசன். தனியா இருந்து திருந்திட்டாருன்னு சந்தோசப்பட்டேன்.”

துரை மேட்டு லயத்தை மொத்தமாகப் பூட்டச் சொன்னார். கடைசி வீட்டுக் கதவில் பெரிய பூட்டாக மாட்டி, வாசல் கம்பியையும் அறுத்துச் சுருட்டி எடுத்துப் போனார்கள். மகேன்தான் முன்னே நின்று செய்தான்.

மறுநாள் அவன் கிராணி ஆபீசுக்குப் போகிற வழியில், பழக்க தோசத்தில் படிக்குக் கீழே மோட்டாரை நிறுத்திவிட்டான். மணி ஏழு. நிறுத்தின பிறகுதான் எதற்கு நிறுத்தினோம் என்றே உறைத்தது. போய்விடலாம் என்று நினைக்கும்போது மேலே பனி விலகியது.

பூட்டு அப்படியே இருந்தது. கம்பி இல்லாத இடத்தில், வாசலுக்கு நேராக, இரண்டு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

மகேன் ரொம்ப நேரம் பார்த்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, வாய் திறக்கவில்லை. கக்கத்திலிருந்து புக்கை எடுத்தான். ஒரு டிக் போட்டான். யோசித்து, பக்கத்தில் இன்னொன்று போட்டான்.

மேலே ஏறவில்லை. மாமா அப்படித்தான் சொல்லியிருந்தார்.